ஷாமிசென்: ஜப்பானியக் குரலோடு வளர்ந்த மூன்று தந்திகள்

ஜப்பானின் மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசென் எப்படிப்பட்டது, ஜப்பானியப் பண்பாட்டில் அதன் இடம் என்ன, கோத்தோ என்ற பதின்மூன்று தந்தி வாத்தியத்துக்குக் கிடைத்த மதிப்பு அதற்கு நெடுங்காலம் ஏன் கிடைக்கவில்லை என்பதே கேள்வி. இம்மூன்றுக்கும் விடை ஒன்றுதான் என்பது என் கருத்து. ஜப்பானுக்கு வந்த நாளிலிருந்தே ஷாமிசென் கதை சொல்லும் குரலையும் பாடும் குரலையும் சார்ந்தே வளர்ந்தது. அதை வளர்த்தவர்கள் பார்வையற்ற கலைஞர்கள், நாடகக் கொட்டகையைச் சேர்ந்தவர்கள், கேளிக்கைப் பகுதிகளில் வாழ்ந்த பெண்கள், வீட்டு வாசல்களில் பாடி அரிசி வாங்கிப் பிழைத்தவர்கள். அதனால்தான் மேட்டுக்குடியினர் அதைத் தாழ்வாக எண்ணினர். ஆனால் எடோ காலத்து (1603–1868) நகர மக்களின் இசை என்று இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி இந்த வாத்தியத்தின்மீதுதான் நிற்கிறது.

ஷாமிசெனின் மூதாதை சீனாவின் சான்ஷியான் என்ற மூன்று தந்தி வாத்தியம். சீனாவுடன் கடல்வழி உறவு கொண்டிருந்த ரியூக்யூ அரசுக்கு, அதாவது இன்றைய ஒக்கினாவாவுக்கு, அது 14, 15ஆம் நூற்றாண்டுகளில் சென்று சேர்ந்து சன்ஷின் என்ற பெயரில் அரசவை வாத்தியமாயிற்று. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வணிகக் கப்பல்களின் வழியாக, ஒசாக்காவை அடுத்த சக்காய் துறைமுகத்தில் வந்திறங்கியது. அங்கு அதை முதலில் கையில் எடுத்தவர்கள் பீவா என்ற பழைய தந்தி வாத்தியத்தை வாசித்துக் கதை சொல்லிவந்த பார்வையற்ற கலைஞர்கள். தைரா என்ற போர்வீரர் குலத்தின் எழுச்சியையும் 1185இல் அது கடற்போரில் அழிந்ததையும் பீவாவை மீட்டி விரித்துரைப்பது அவர்களுடைய குலத்தொழில் போன்றது. சன்ஷினை ஒக்கினாவாவில் சுட்டுவிரலில் மாட்டிய சிறு கொம்புத் துண்டால் மென்மையாக மீட்டுவார்கள். பீவாக் கலைஞர்களோ தங்களுக்குக் கைவந்த பெரிய மீட்டுகருவியாலேயே அதையும் அடித்து வாசித்தார்கள். அந்த அடியை மலைப்பாம்புத் தோல் தாங்கவில்லை. தேவையான அளவில் அத்தகைய தோல் ஜப்பானில் கிடைக்கவும் இல்லை. எனவே பூனைத் தோலும் நாய்த் தோலும் வந்தன, குடம் பெரிதாயிற்று, விரல்கள் ஓடும் தண்டி நீண்டது. ஒரு தலைமுறைக்குள் அது வேறொரு வாத்தியமாகிவிட்டது.

இன்றைய ஷாமிசென் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. நான்கு மரப்பலகைகளை இணைத்த, சற்றே சதுரமான குடத்தின் முன்னும் பின்னும் தோல் போர்த்தப்பட்டிருக்கும். வீணையில் இருப்பது போல் சுர இடங்களைக் காட்டும் மெட்டுகள் தண்டியில் கிடையாது. தண்டியின் தடிப்பைக் கொண்டு மெல்லிய தண்டி, நடுத்தரத் தண்டி, தடித்த தண்டி என மூவகையாகப் பிரிப்பார்கள்; ஒவ்வோர் இசை மரபும் தனக்கென ஒரு வகையை வைத்திருக்கிறது. தண்டியை மூன்று துண்டுகளாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். உயர்ந்த வகைகளில் இணைப்பு முளைகள் தேயாமலிருக்கத் தங்கத் தகடு போர்த்துவதும், குடத்தின் உட்சுவரில் ஒலி நன்கு திரும்புவதற்காக நெளிநெளியான வரிகளைச் செதுக்குவதும் உண்டு. இந்த வேலைப்பாடு எதுவும் அவையோர் கண்ணில் படாது. தோலைப் பிரித்தால்தான் அந்த வரிகள் தெரியும்.

தண்டிக்கு எல்லாவற்றிலும் சிறந்ததாகக் கருதப்படும் மரம் நம் பக்கத்து மரம். ஜப்பானியக் கைவினைஞர்கள் கோக்கி என்று அழைப்பது செம்மரத்தைத்தான். சேஷாசலம் மலைத்தொடரிலும் அதை ஒட்டிய தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும், ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர் பகுதிகளிலும் தமிழக எல்லையோரக் காடுகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் அது. இவ்வளவு தொலைவிலிருந்து அதை வரவழைத்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. ஷாமிசென் கலைஞர் தந்தியை இடக்கை விரலின் நுனிச் சதையால் அழுத்துவதில்லை, நகத்தால் அழுத்துகிறார். பல ஆண்டுகள் வாசித்தவரின் நகத்தில் தந்தி ஓடிய தடம் பள்ளமாக விழுந்திருப்பதைக் காணலாம். அதேபோல் தண்டியிலும், அடிக்கடி அழுத்தப்படும் சுர இடங்களில் குழி விழும். குழி விழுந்த தண்டியில் சுரம் பிசகும். கைவினைஞர் மேற்பரப்பு முழுவதையும் இழைத்து மீண்டும் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்டி மெலியும். நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான செம்மரத்தில் இந்தத் தேய்மானம் மிகக் குறைவு. செம்மரம் 1995இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதாலும், இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதாலும், ஜப்பானியப் பட்டறைகள் பழைய இருப்பையே பெரிதும் நம்பியிருக்கின்றன. செம்மரம் என்றாலே கடத்தலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த மரத்துக்கு இசையரங்கில் இப்படி ஒரு வாழ்வு இருப்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது என்பதால்தான் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

தோலைப் பற்றியும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். மேடைக்கு உரிய மெல்லிய தண்டி வாத்தியங்களுக்குப் பூனைத் தோலே உயர்ந்தது என்பது மரபு. முலைக்காம்புகளின் நான்கு தடங்கள் தெரியும் வயிற்றுத் தோலுக்கு மதிப்பு அதிகம். பயிற்சி வாத்தியங்களுக்கும், ஓங்கி அடித்து வாசிக்கப்படுபவற்றுக்கும் தடித்த நாய்த் தோல். ஒட்டும் பசைமிக்க அரிசியின் மாவைக் குழைத்துப் பசையாக்கி, ஈரமான தோலைக் குடத்தின் விளிம்பில் ஒட்டி, மரக் கவ்விகளாலும் கயிறுகளாலும் ஆப்புகளாலும் நாலாபுறமும் இழுத்துக் கட்டுவார்கள். கிழிவதற்குச் சற்று முன்பு வரை இழுத்த தோலில்தான் நல்ல நாதம் பிறக்கும் என்பதால், எங்கே நிறுத்துவது என்று அறிவதே அந்தக் கைவினைஞரின் வித்தை. அவ்வளவு இறுக்கத்தில் நிற்கும் தோல் மழைக்கால ஈரத்திலும் குளிர்கால வறட்சியிலும் திடீரெனக் கிழிந்துபோகும். எனவே தோல் மாற்றுவது ஷாமிசென் வைத்திருப்பவருக்குத் தீராத செலவு.

தந்திகள் மூன்றும் பட்டு நூலை முறுக்கிச் செய்யப்பட்டவை. மஞ்சளில் தோய்த்துச் சாயமேற்றும் வழக்கத்தால் இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். பீவா ஏரியின் வடகரையில் ஷிகா மாகாணத்து நாகஹாமா வட்டாரம் இன்றும் இந்தத் தந்திகளுக்குப் பெயர் பெற்றது. மிக மெல்லிய மூன்றாம் தந்தி கச்சேரியின் நடுவிலேயே அறுவது வழக்கமான நிகழ்வு. இப்போது பலர் அதற்கு மட்டும் நைலான் போட்டுக்கொள்கிறார்கள்.

வாசிக்கும் முறைதான் இந்த வாத்தியத்தின் உயிர். பச்சி என்ற மீட்டுகருவி விசிறி போல் நுனியில் விரிந்த தட்டையான கட்டை. தந்தத்தாலானது உயர்ந்தது, எருமைக் கொம்பு, ஆமை ஓடு, மரம் ஆகியவற்றாலும் செய்வார்கள். வலக்கை பச்சியை இறக்கும்போது அது தந்தியை மீட்டுவதோடு நில்லாமல் தோலிலும் படுகிறது. ஆகவே ஒவ்வொரு சுரமும் ஒரு சிறு முழவொலியோடு சேர்ந்தே பிறக்கிறது. ஒரே வாத்தியம் ஒரே வேளையில் சுரத்தையும் தாளத்தையும் தருவதற்கு இதுவே காரணம். ஒலி நீண்டு நிற்பதில்லை, பிறந்த கணமே அடங்கத் தொடங்குகிறது. அந்த இடைவெளியில்தான் குரல் நுழைகிறது. பாடுபவரின் சுரமும் தந்தியின் சுரமும் வேண்டுமென்றே சற்று முன்பின்னாக விழும்படி அமைப்பதும் பல மரபுகளில் உண்டு. அதனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கிறது.

தாழ்ந்த சுருதியுடைய முதல் தந்தியில் சவாரி என்ற ஒன்று இருக்கிறது. மற்ற இரண்டு தந்திகளும் தண்டியின் மேல்முனையிலுள்ள உலோகத் தாங்கியின்மேல் அமர்ந்திருக்க, இது மட்டும் அதில் அமராமல் தண்டியில் செதுக்கிய சிறு மேட்டை மெல்ல உரசிக்கொண்டிருக்கும். அதிலிருந்து எழும் ரீங்காரம், மற்ற தந்திகளில் ஒத்த சுரம் ஒலிக்கும்போதெல்லாம் தானும் உடன் அதிர்ந்து வாத்தியம் முழுவதையும் நிறைக்கிறது. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நூலை நகர்த்தி ஜீவாளி வைத்துப் பழகியவர்களுக்கு இந்த ஒலியின் இன்பம் உடனே புரியும். பீவாவிலிருந்து வந்த குணம் இது; சன்ஷினில் கிடையாது. பார்வையற்ற அந்தக் கலைஞர்கள் புதிய வாத்தியத்தைக் கையில் எடுத்தவுடன் தங்கள் பழைய வாத்தியத்தின் நாதத்தை அதில் ஏற்றாமல் ஓயவில்லை. தூய, உரசலற்ற ஒலிதான் உயர்ந்தது என்ற ஐரோப்பிய அளவுகோல் இங்கே செல்லாது.

சுருதி சேர்ப்பதில் மூன்று முறைகள் முக்கியமானவை. கர்நாடக இசை அறிந்தவர்களுக்காக நம் சுரப் பெயர்களில் சொன்னால், முதலாவது ச–ம–மேல் ச. இரண்டாவது ச–ப–மேல் ச. மூன்றாவது ச–ம–கைசிகி நிஷாதம். முதலாவது நிலையானது, கம்பீரமானது என்றும், இரண்டாவது களிப்புமிக்கது என்றும், மூன்றாவது ஏக்கமும் நளினமும் கொண்டது என்றும் சொல்வது மரபு. ஒரே உருப்படியின் நடுவே, வாசிப்பை நிறுத்தாமல் பிருடையைத் திருகிச் சுருதியை மாற்றுவதும் உண்டு. பாடம் பெரும்பாலும் வாய்மொழிதான். இரண்டாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ‘தொன்’, அழுத்தி மீட்டினால் ‘ட்சுன்’. மூன்றாம் தந்தி அழுத்தாமல் ‘தென்’, அழுத்தினால் ‘சின்’. இப்படி ஒலிப்பெயர்களாலேயே முழு உருப்படியையும் வாயால் சொல்லிக்கொடுத்து மனப்பாடமாக்குவார்கள்.

கதை சொல்லும் இசையில் இதன் உச்சம் ஒசாக்காவில்தான் எட்டப்பட்டது. தக்கெமோத்தோ கிதாயூ (1651–1714) என்ற பாடகர் 1684இல் தோத்தொன்போரியில் பொம்மலாட்ட அரங்கு ஒன்றை நிறுவினார். அவருக்காகச் சிக்கமாட்சு மொன்ஸயெமோன் (1653–1725) எழுதிய நாடகங்களில், சொனெஸாக்கியில் காதலர் இருவர் சேர்ந்து உயிர்விட்ட உண்மை நிகழ்ச்சியைக் கொண்ட 1703ஆம் ஆண்டு நாடகம் நகரையே உலுக்கியது. இன்று புன்ராக்கு எனப்படும் இந்தக் கலையில், மேடையின் வலப்புறத் தனி மேடையில் பாடகர் ஒருவரும் தடித்த தண்டி ஷாமிசெனுடன் கலைஞர் ஒருவரும் அமர்கிறார்கள். பாத்திரங்கள் அனைத்துக்கும் பாடகர் ஒருவரே குரல். ஷாமிசென் கலைஞரின் வேலை அவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதன்று. மனைவி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நடக்கிறாள் என்றால், அவள் நடை, அவள் தயக்கம், வெளியே பெய்யும் பனி ஆகிய எல்லாம் இரண்டு மூன்று அடிகளில் வந்துவிட வேண்டும். நல்ல கலைஞரின் ஒற்றை அடிக்குப் பின்வரும் மௌனத்தில் மழையா பனியா என்று கேட்பவருக்குத் தெரியும் என்பார்கள். கேட்டுப் பார்த்தவர்கள் இதை மிகை என்று சொல்லமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பெருங்கலைஞரான இரண்டாம் தொயொஸாவா தன்பெய் 1898இல் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே நிலைகுலைந்து விழுந்து இறந்தார்.

கபுக்கி நாடகத்தில் நிலைமை வேறு. அங்கே மெல்லிய தண்டி வாத்தியங்கள் பல வரிசையாக அமர்ந்து, பாடகர்களோடும் முழவுகளோடும் குழலோடும் சேர்ந்து நாகவுத்தா என்ற நடனப் பாடல்களை இசைக்கின்றன. யோஷிவாரா போன்ற கேளிக்கைப் பகுதிகளிலும் ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாக்களின் விருந்து அறைகளிலும் ஷாமிசென் இல்லாத மாலை கிடையாது. பச்சியை வைத்துவிட்டு விரலாலேயே மீட்டும் கொவுத்தா என்ற குறும்பாடல் வகை பின்னாளில் அங்கே பிரபலமானது. கோத்தோ எட்டாம் நூற்றாண்டிலேயே அரசவை இசையோடு ஒன்றிய பதின்மூன்று தந்தி வாத்தியம். நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்க வேண்டியது என்ற பெயர் அதற்கு இருந்தது. ஷாமிசெனுக்கோ கொட்டகையின் பெயரும் விடுதியின் பெயரும். ஆனால் இரண்டையும் தொழிலாகக் கொண்டு கற்பித்தவர்கள் பெரும்பாலும் ஒரே பார்வையற்ற ஆசான்கள்தான். தோதோ என்ற அவர்களுடைய சங்கத்துக்கு அரசின் ஆதரவும் தனியுரிமைகளும் இருந்தன. அவர்கள் வகுத்த ஜியுத்தா மரபில் ஷாமிசெனும் கோத்தோவும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆகவே மதிப்பின் ஏற்றத்தாழ்வு இசையில் இருந்து வந்ததன்று, கேட்கப்பட்ட இடத்திலிருந்து வந்தது.

அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. பார்வையற்ற பெண்கள் கோஸே என்ற பெயரில் தங்களுக்கெனக் குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். பனி மிகுந்த எச்சிகோவில், இன்றைய நீகாத்தா மாகாணத்தில், தக்காதா, நாகவோக்கா ஆகிய ஊர்களைச் சார்ந்த குழுக்கள் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தன. ஓரளவு பார்வையுடைய ஒருத்தி முன்னே நடக்க, மற்றவர்கள் முன்னால் செல்பவளின் முதுகுச் சுமையைத் தொட்டுக்கொண்டு வரிசையாக மலைப்பாதைகளில் நடந்து ஊர் ஊராகப் போவார்கள். பகலில் வீட்டு வாசல்களில் பாடி அரிசி பெறுவார்கள். இரவில் ஊர்ப் பெரியவர் வீட்டில் எல்லோரும் கூட, நெடுங்கதைப் பாடல்களை நள்ளிரவு வரை பாடுவார்கள். ஆணோடு உறவு கொண்டவளைக் குழுவிலிருந்து விலக்கிவிடும் கடுமையான விதி இருந்தது. விலக்கப்பட்டவள் தன்னந்தனியாக அலைய வேண்டியதுதான். கோபயாஷி ஹாரு (1900–2005) பிறந்த சில மாதங்களிலேயே பார்வை இழந்து, ஐந்து வயதில் பயிற்சி தொடங்கியவர். குளிர்காலத்தில் மெல்லிய ஆடையோடு ஆற்றங்கரையில் நின்று, தொண்டை புண்ணாகும்வரை பாடிக் குரலைப் பழுக்கவைக்கும் பயிற்சியைச் சிறுமியாகவே ஏற்றவர். அவரது கலையை 1978இல் ஜப்பானிய அரசு பாதுகாக்கப்பட வேண்டிய செல்வமாக அறிவித்தது. 105 வயது வரை வாழ்ந்த அவரோடு அந்த வழி முடிந்தது. பெயர் தெரியாமல் பனியில் நடந்து மறைந்த அவருடைய முன்னோடிகளுக்கு அந்த அங்கீகாரம் மிகமிகத் தாமதமாக வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எடோ ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871இல் தோதோ சங்கத்தைக் கலைத்தது. பார்வையற்ற கலைஞர்கள் ஒரே நாளில் பாதுகாப்பை இழந்தார்கள். 1879இல் கல்வியாளர் இஸாவா ஷூஜி தலைமையில் இசை ஆய்வுக்கென ஓர் அலுவலகம் அமைந்து, பாஸ்டனிலிருந்து வந்த இசை ஆசிரியர் லூதர் மேசனின் உதவியோடு பள்ளிப் பாடல்கள் ஐரோப்பிய முறையில் உருவாயின. ஷாமிசென் பாடல்களின் சொற்கள் ஒழுக்கக்கேடானவை என்ற எண்ணம் கல்வியாளர்களிடையே வலுத்திருந்தது. அதன் விளைவாக, நகரத் தெருக்களில் எங்கும் ஒலித்த வாத்தியம் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒலிக்கவில்லை. தலைமுறைகள் கடந்த பின், 2002இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம்தான் நடுநிலைப் பள்ளி மாணவர் ஏதேனும் ஒரு ஜப்பானிய வாத்தியத்தைத் தொட்டுப் பழக வேண்டும் என்றது.

இதற்கிடையே வடகோடி ஆவோமோரியில், ட்சுகாரு வட்டாரத்தில், ஒரு புதுப்பாணி பிறந்தது. கனகி என்ற ஊரில் படகோட்டி ஒருவரின் மகனாகப் பிறந்து சிறுவயதில் பார்வை இழந்த நித்தாபோ (1857–1928) அதன் முதல்வராகக் கருதப்படுகிறார். வாசலில் நின்று வாசிப்பவர், உள்ளே கதவடைத்திருப்பவரையும் வெளியே இழுத்தாக வேண்டும். போட்டியாளர்களை விட உரக்கவும் வேகமாகவும் வாசித்தாக வேண்டும். தடித்த தண்டி, நாய்த் தோல், தோலை அறைவது போன்ற அடி, பாட்டு தொடங்குமுன் நெடுநேரம் நீளும் மனோதர்ம முன்னுரை ஆகியவை அந்தத் தேவையிலிருந்தே வந்தன. தகாஹாஷி சிக்குஸன் (1910–1998) அந்த வாசல் வாழ்க்கையை நேரில் வாழ்ந்தவர். ஊர் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது 1933ஆம் ஆண்டு வடகிழக்கு ஜப்பானின் சன்ரிக்குக் கடற்கரையைத் தாக்கிய சுனாமியில் சிக்கி உயிர் தப்பினார். 1970களில் தோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு சிறு அரங்கில் அவர் வாசித்தபோது, எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டால் தோக்கியோ என்று சொல்லும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். பாட்டிலிருந்து பிரிந்து தனி வாத்தியமாக ஷாமிசென் உலகெங்கும் இன்று அறியப்படுவது பெரும்பாலும் இந்தப் பாணியால்தான். யோஷிதா சகோதரர்கள் முதலிய இளைய கலைஞர்களின் வேகத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் சிக்குஸனின் பதிவுகளில் இரண்டு அடிகளுக்கு நடுவே கேட்கும் மூச்சை அவர்களிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

ஒக்கினாவாவின் சன்ஷினைத் தனியாகவே பார்க்க வேண்டும். அது அங்கே என்றும் தாழ்ந்த வாத்தியமாக இருந்ததில்லை. வீட்டின் சிறப்பிடத்தில் வைத்துப் போற்றி, பரம்பரைச் சொத்தாகக் கொடுப்பார்கள். 1945ஆம் ஆண்டுப் போரில் ஊர்கள் சாம்பலான பிறகு, அமெரிக்கத் தடுப்பு முகாம்களில் அடைபட்ட மக்கள் காலி உணவு டப்பாவைக் குடமாகவும், மரச்சட்டத்தைத் தண்டியாகவும், பாராசூட் கயிற்றைத் தந்தியாகவும் கொண்டு சன்ஷின் செய்து பாடினார்கள். அந்த டப்பா சன்ஷின் இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கான வாத்தியமாக வாழ்கிறது.

இன்றைய நிலையில் ஷாமிசெனுக்கு நெருக்கடி இரண்டு பக்கங்களிலிருந்து வருகிறது. ஒன்று பொருள்: 1989இல் பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குத் தடை முடிவானது, ஆமை ஓடும் செம்மரமும் அரிதாயின, பூனைத் தோலைப் பொதுமக்கள் ஏற்பதில்லை. செயற்கைத் தோல் எந்தப் பருவத்திலும் கிழியாது, விலையும் குறைவு. ஆனால் அடி விழுந்த பின் நாதம் தணியும் விதம் வேறாக இருப்பதாக மேடைக் கலைஞர்கள் பலர் கருதுகிறார்கள். கங்காரு தோலையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விலங்கின் உயிரா மரபின் நாதமா என்று கேட்டால், செயற்கைத் தோலை மேம்படுத்துவதில் பணத்தைப் போடுவதே சரி என்பேன். பாம்புத் தோலிலிருந்து பூனைத் தோலுக்கு மாறித் தன் குரலைக் கண்டுகொண்ட வாத்தியம் இன்னொரு மாற்றத்தையும் தாங்கும்.

மற்றொன்று மனிதர்கள். தோக்கியோவின் ஹச்சியோஜியில் 1885 முதல் இயங்கிவந்த, நாட்டின் மிகப்பெரிய ஷாமிசென் தயாரிப்பு நிறுவனமான தோக்கியோ வாகாக்கி, கொரோனா காலத்தில் 2020இல் மூடப்படுவதாக அறிவித்து, நன்கொடைகள் வந்து சேர்ந்ததால் தொடர்ந்தது. தண்டி செய்பவர், தோல் இழுப்பவர், தந்தி முறுக்குபவர், பச்சி செதுக்குபவர் எனத் தனித்தனிக் கைகள் தேவைப்படும் தொழிலில், ஒரு கை ஓய்ந்தாலும் வாத்தியம் நின்றுவிடும். வாசிப்பவர்களின் நிலை சற்றுத் தேவலாம்: புன்ராக்கு கலைக்கு 1972இல் அரசு தொடங்கிய பயிற்சித் திட்டம் கலைக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும் வழி திறந்தது; இன்று ஒசாக்காவின் தேசியப் புன்ராக்கு அரங்கில் வாசிப்பவர்கள், பாடுபவர்கள், பொம்மை இயக்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தத் திட்டத்தில் பயின்றவர்கள். கேட்கத் தொடங்க விரும்புபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் சிக்குஸனின் தனி வாசிப்பு, பிறகு கபுக்கியின் நாகவுத்தா, பிறகு பொறுமையோடு ஒரு முழுப் புன்ராக்குக் காட்சி. கடைசியாகச் சொன்னதில் முதல் கால் மணி நேரம் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். மேடையில் உள்ள பொம்மைகளை விட்டு, வலப்புறம் அமர்ந்திருக்கும் ஷாமிசென் கலைஞரின் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தால் கதை வந்துவிடும்.